செதிலில் பளிச், சதையில் மங்கல்: ஹைட்ராக்சிபுரோலின் அளந்த அனுபவம்

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இந்த வேலையை ஆரம்பித்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் மயிலாடுதுறைக் கடைகளில் குளத்து மீன்தான் கண்ணில் படும். கட்லா, ரோகு, போனால் போகிறதென்று கொஞ்சம் ஜிலேபிக் கெண்டை. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு நான் கைடு. தோல், எலும்பு, செதில் எல்லாவற்றையும் இறுகப் பிடித்து வைக்கிற புரதம் கொலாஜன். மீன் கழிவில் அது எவ்வளவு இருக்கிறது என்று, அதில் இருக்கும் ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்தை அளந்து பார்ப்பது அவளுடைய புராஜெக்ட். "கடல் மீன் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். வைவா தேதி காத்திருக்காது என்பதால் கட்லாவில் இறங்கினோம்.

மீன் ஆயும் அக்காவிடம் செதில் கேட்டபோது, "மீன வுட்டுட்டு செதில மட்டும் கேக்குறீங்களே டீச்சர், மீன் அமிலம் போடவா?" என்றார். நம்ம பக்கம் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் மீன் கழிவையும் வெல்லத்தையும் போட்டு ஊறவைத்துப் பயிருக்குத் தெளிப்பார்களே, அதைத்தான் கேட்கிறார். ஆமாம் என்றே சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை. புரதத்தை உடைத்து அமினோ அமிலமாக்கத்தான் நாங்களும் போகிறோம். வெல்லத்துக்குப் பதில் காட்டமான ஹைட்ரோகுளோரிக் அமிலம், 6 மோலார் செறிவில்.

கொலாஜனை அளக்க ஹைட்ராக்சிபுரோலினை ஏன் பிடித்துக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தை. உடம்பில் இருக்கிற மற்ற புரதங்களில் இந்த அமினோ அமிலம் அநேகமாகக் கிடையாது. எலாஸ்டினில் கொஞ்சம் உண்டு, வேறு ஒன்றிரண்டு இடத்தில் துளித்துளி. கொலாஜனிலோ பாலூட்டிகளில் எடைக்கு 13 சதவீதம் வரை வரும். புரோலின் முதலில் சங்கிலியில் கோக்கப்பட்டு, அதற்குப் பிறகுதான் அதன் தலையில் ஒரு ஹைட்ராக்சில் ஏறுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் போனால் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி. ஆக, ஹைட்ராக்சிபுரோலின் இருந்தால் கொலாஜன் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஒரு எச்சரிக்கை: செடியின் செல் சுவரிலும் ஹைட்ராக்சிபுரோலின் நிறைந்த புரதம் உண்டு. மீன் குடலைச் சரியாக எடுக்காமல் பாசியோடு சேர்த்து அரைத்தால் அதுவும் கணக்கில் ஏறிவிடும்.

அமினோ அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி இருந்தால் வேலை சுலபம்தானே என்பார்கள். எங்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் வழக்கமான ஓ.பி.ஏ. ரீஏஜென்ட் புரோலினையும் ஹைட்ராக்சிபுரோலினையும் கண்டுகொள்ளாது. அது முதல்நிலை அமீன்களோடுதான் சேரும், இவை இரண்டும் இரண்டாம்நிலை அமீன்கள். எஃப்மாக் போன்ற வேறொன்றை வாங்க வேண்டும். நின்ஹைட்ரின் போட்டாலும் இவை இரண்டும் மற்றவை மாதிரி ஊதா தராமல் மஞ்சள்தான் தரும். அதனால் பழைய வழிக்கே வந்தோம்: குளோரமின்-டி போட்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் ஹைட்ராக்சிபுரோலின் பிர்ரோலாக மாறும், அதோடு எர்லிக் ரீஏஜென்ட் சேர்ந்தால் ரோஜா நிறம், அந்த நிறத்தின் அடர்த்தியை ஸ்பெக்ட்ரோ என்ற ஒளி அளக்கும் கருவியில் 557 நானோமீட்டரில் படிப்பது. 1961-இல் வூஸ்னர் எழுதிவைத்த முறை. இன்றும் கையில் சுத்தம் இருந்தால் நன்றாகவே வேலை செய்கிறது.

முதல் தலைவலி சூடு. புரதத்தை முழுதாக உடைக்க 110 டிகிரியில் 18 மணி நேரம் வேண்டும். ஹீட்டிங் பிளாக் இல்லை, பழைய ஹாட் ஏர் ஓவன் ஒன்றுதான். டெஸ்ட் டியூப்களை ஸ்டாண்டில் வைத்து உள்ளே தள்ளினால், கதவுப் பக்கம் இருப்பதற்கும் பின்பக்கம் இருப்பதற்கும் பத்து டிகிரி வித்தியாசம். எங்கள் லேப் அண்ணன் ரொம்ப வருஷ அனுபவஸ்தர். "ஆத்து மணல சட்டில கொட்டி அதுக்குள்ள டியூப்ப செருகுங்க மேடம், சூடு சமமா நிக்கும்" என்றார். அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்து வந்தார். அதை நான் வேண்டாமென்றேன், அமிலம் ஒரு சொட்டுக் கசிந்தாலும் அலுமினியத்தைத் தின்றுவிடும். எவர்சில்வரும் ஹைட்ரோகுளோரிக்குக்குத் தாங்காது. கடைசியில் மண்சட்டி. குழம்பு வைக்கிற அகலச் சட்டியில் கொள்ளிடத்து மணலைச் சலித்து, கழுவி, காயவைத்துக் கொட்டினோம். நடுவில் ஒரு தெர்மாமீட்டர். ஓவன் 112-ல் நின்றால் மணல் 110-ல் நின்றது. இரண்டு நாள் வெறும் மணலைச் சூடாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாம்பிளை வைத்தோம்.

டியூப் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. தடித்த கண்ணாடி, டெஃப்லான் லைனர் வைத்த திருகு மூடி. ரப்பர் லைனர் ஒரே ராத்திரியில் கருகிப் போகும். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, உள்ளே அழுத்தம் ஏறும். காலையில் முழுக்க ஆறிய பிறகுதான் மூடியைத் தொடலாம், அதுவும் அமிலப் புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹுட்டுக்குள்.

முதல் ராத்திரியே கரண்ட் போனது. வாட்ச்மேன் காலையில் சொன்னார், நடுராத்திரி ஒன்றரை மணி நேரம் இல்லையாம். மாணவி முகம் வாடிவிட்டது. இது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஹைட்ராக்சிபுரோலின் சூடான அமிலத்தில் தாக்குப்பிடிக்கிற ஜாதி. டிரிப்டோஃபான் மாதிரி அழிந்து போகாது. கூடுதலாக இரண்டு மணி நேரம் வைத்தோம், சட்டி மணல் சூட்டை நன்றாகவே பிடித்து வைத்திருந்தது. ஆனால் எட்டு டியூப்பில் ஒன்று மட்டும் பக்கத்து மணலை மஞ்சளாக்கியிருந்தது. தூக்கிப் பார்த்தால் திரவ மட்டம் ஒரு விரற்கடை குறைவு. மூடி வழியாக அமிலம் கசிந்து, மணலில் இருந்த இரும்பைக் கரைத்திருக்கிறது. அந்த டியூப்பைத் தூக்கிப் போட்டோம். அன்றிலிருந்து வைக்கும் முன்பும் எடுத்த பின்பும் ஒவ்வொரு டியூப்பையும் எடை போடுவது வழக்கமாயிற்று. எடை குறைந்தால் அது கணக்கில் இல்லை.

இன்னொரு சாம்பிள் இதற்கு முன்பே போய்விட்டது. வீட்டுப் பழக்கத்தில் மாணவி செதிலை மஞ்சள்தூள் போட்டுக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள்! நிறத்தை வைத்து அளக்கிற வேலையில் மஞ்சளா? சிரித்துவிட்டு அக்காவிடம் மறுபடி அனுப்பினேன்.

ரீஏஜென்ட்கள். அமிலத்தன்மை மாறாமல் பிடித்து வைக்கும் பஃபர், பிஎச் 6: சிட்ரிக் அமிலம், அசெட்டிக் அமிலம், சோடியம் அசெட்டேட், சோடியம் ஹைட்ராக்சைடு நான்கும் சேர்ந்தது. குளோரமின்-டி 0.05 மோலார், அதாவது 100 மி.லி.க்கு 1.41 கிராம், பாதிக்குப் பாதி பஃபர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். திறந்த பாட்டிலில் அலமாரியில் கிடந்த தூள் கட்டிதட்டிப் போயிருந்தால் அதை நம்ப வேண்டாம், ஒளியும் ஈரமும் அதற்கு ஆகாது. பெர்குளோரிக் அமிலம் 3.15 மோலார்: 70 சதவீத அமிலம் 27 மி.லி. எடுத்து நீரில் 100 ஆக்கினால் கிடைக்கும். எர்லிக்குக்கு டைமெதில் அமினோ பென்சால்டிஹைடு 20 சதவீதம். மூல முறையில் இதை மெதில் செல்லோசால்வில் கரைப்பார்கள். அது இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் கரைப்பான். இருபத்திரண்டு வயதுப் பெண் தினமும் முகர வேண்டாமென்று புரோபனால் எடுத்தோம். லேசாகச் சூடாக்கினால் கரைந்துவிடுகிறது. பெர்குளோரிக் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சிந்தியதைத் துணியால் துடைத்து அப்படியே காயப்போட்டால் அந்தத் துணி ஒரு நாள் தீப்பிடிக்கும். நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஓட்டம் இப்படி. 2 மி.லி. சாம்பிள், 1 மி.லி. குளோரமின்-டி, 20 நிமிடம். 1 மி.லி. பெர்குளோரிக், 5 நிமிடம். 1 மி.லி. எர்லிக், நன்றாகக் குலுக்கி 60 டிகிரி வாட்டர் பாத்தில் 20 நிமிடம். குழாய்த் தண்ணீரில் ஆறவைத்துப் படிக்க வேண்டும். எர்லிக் ஊற்றியதும் டியூப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கானல் நீர் மாதிரி நெளிநெளியாக ஓடும். அந்த நெளிவு முழுக்க மறையும் வரை குலுக்க வேண்டும். மறையாததை பாத்தில் வைத்தால், ஒரே சாம்பிளின் மூன்று டியூப்பும் மூன்று ரீடிங் தரும். எங்களுக்குத் தந்தது. டியூப்புக்கு டியூப் 30 விநாடி இடைவெளி விட்டு ஊற்றினால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டாண்டர்டு, அதாவது அளவு தெரிந்த சுத்தமான ஹைட்ராக்சிபுரோலின், 1 முதல் 5 மைக்ரோகிராம் வரை. கோடு அழகாக வந்தது, ஒரு மைக்ரோகிராமுக்கு ரீடிங் 0.062. நேர் கோட்டைப் பார்த்தால் எனக்கு இப்போதும் ஒரு சந்தோஷம்.

செதிலுக்கு முன்னால் ஒரு சோதனை ஓட்டம். ஹார்டுவேர் கடையில் தச்சர்கள் காய்ச்சி ஒட்டும் வஜ்ரம் விற்கிறார்களே, அது கிட்டத்தட்ட ஜெலட்டின்தான். தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுத்தது. எமில் ஃபிஷர் 1902-இல் ஹைட்ராக்சிபுரோலினை முதன்முதலில் பிரித்ததும் ஜெலட்டினை உடைத்த கரைசலிலிருந்துதான். ஒரு துண்டு வஜ்ரத்தைப் பொடித்து, அமிலத்தில் போட்டு அளந்ததில் எடைக்கு 12 சதவீதத்தை ஒட்டி வந்தது. கடைச் சரக்கில் ஈரமும் தூசியும் இருக்கும், அதற்கு இது நியாயமான எண். கை சரியாக இருக்கிறது என்று தெரிந்தது.

செதில் அதைவிடச் சுலபம். காயவைத்த செதில் 100 மி.கி., அமிலம் 5 மி.லி. செதிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் அமிலத்திலேயே கரைந்துவிடுகிறது. உடைந்த கரைசலை 25 மி.லி. ஆக்கி, அதில் 1 மி.லி. எடுத்து மறுபடி 100 ஆக்கினோம். அதில் 2 மி.லி.க்கு ரீடிங் 0.245. கணக்கு: 0.245-ஐ 0.062-ஆல் வகுத்தால் 3.95 மைக்ரோகிராம், மி.லி.க்கு 1.98. நூறால் பெருக்கி, இருபத்தைந்தால் பெருக்கினால் 4.9 மி.கி. ஒரு கிராம் செதிலுக்கு 49 மி.கி. டியூப் நல்ல பன்னீர் ரோஜா நிறத்தில் நின்றது. மாணவி செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அடுத்து சதை. இங்கேதான் விஷயம் திரும்பியது.

சதையில் கொலாஜன் குறைவு என்று தெரியும், அதனால் செதில் மாதிரி நீர்க்க வைக்கவில்லை. 250 மி.கி. பச்சைச் சதை, 5 மி.லி. அமிலம், 18 மணி நேரம். அதில் 1 மி.லி.யை 10 ஆக்கி, 2 மி.லி. எடுத்தோம். ரீடிங் 0.058. மங்கலான ரோஜா, கழுவிக் கழுவி வெளுத்த சேலை மாதிரி. மூன்று டியூப்பிலும் ஏறக்குறைய அதேதான். "மூணும் ஒத்துப்போகுது மேடம், சதைல கம்மிதானே, எழுதிடவா?" என்றாள்.

எழுதியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். செதிலில் நிறைய, சதையில் கொஞ்சம் என்று அவள் சொல்வது பார்வைக்குச் சரியாகவே இருந்தது. எனக்கு உறுத்தியது ஒன்றுதான். மூன்று டியூப்பும் ஒத்துப்போனால், மூன்றையும் ஒரே மாதிரி செய்திருக்கிறோம் என்று மட்டும்தான் அர்த்தம்.

ஸ்பைக் போடச் சொன்னேன். அதே சதைக் கரைசலில் 1.5 மைக்ரோகிராம் ஸ்டாண்டர்டைக் கூடுதலாக விட்டுப் பார்ப்பது. முறை சரியென்றால் ரீடிங் 0.093 கூட வேண்டும். கூடியது 0.030. நாமே கண்ணெதிரில் போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பி வந்தது. அப்படியென்றால் சதையில் ஏற்கெனவே இருந்ததிலும் மூன்றில் ஒரு பங்குதான் தெரிந்திருக்கும்.

யார் மேல் சந்தேகப்படுவது? குளோரமின்-டி பழசா? அதே பாட்டிலில் ஸ்டாண்டர்டு நன்றாக வந்தது, ஆகவே இல்லை. சதை முழுக்க உடையவில்லையா? ஸ்பைக் போட்டது தனி ஹைட்ராக்சிபுரோலின், அதை உடைக்கவே தேவையில்லை. ஆகவே அதுவும் இல்லை. சதையில் இருக்கிற மற்ற அமினோ அமிலங்கள் குளோரமின்-டியைத் தின்றுவிடுகின்றனவா? இருக்கலாம். அதைச் சோதிக்கும் முன்பே லேப் அண்ணன் எட்டிப் பார்த்து, "ஆசிட்ட எங்க போக்குனீங்க?" என்றார்.

போக்கவே இல்லை! செதிலில் போக்காமல் தப்பித்துவிட்டோம். 5 மி.லி. அமிலம் 25 ஆகி, பிறகு நூறு மடங்கு நீர்த்தால் 6 மோலார் என்பது 0.012 மோலார். அதை பஃபர் சட்டை செய்யாது. சதையில் பத்து மடங்குதான் நீர்த்தோம். 0.6 மோலார், 2 மி.லி.யில் 1.2 மில்லிமோல் அமிலம். 1 மி.லி. குளோரமின்-டி கரைசலில் இருக்கிற பஃபர் எல்லாம் சேர்ந்து முக்கால் மில்லிமோல் தாங்கினால் பெரிது. பிஎச் 6-ல் நடக்க வேண்டிய ஆக்சிஜனேற்றம், பிஎச் தாள் சிவக்கிற அமிலத்தில் நடந்திருக்கிறது. தாளை வைத்துப் பார்க்கும்போது ஒரு கவனம். குளோரமின்-டி இருக்கிற கரைசலில் தாளை முக்கினால் சாயமே வெளுத்துவிடும், எதுவும் தெரியாது. குளோரமின்-டி போடாத வெறும் பஃபரோடு சாம்பிளைக் கலந்து கண்ணாடிக் குச்சியால் தொட்டுப் பார்த்தோம். பளிச்சென்று சிவப்பு.

இரண்டு வழி உண்டு. ஒன்று, அமிலத்தை ஆவியாக்குவது. ரோட்டரி எவாப்பரேட்டர் இருக்கிறவர்களுக்கு அதுதான் சுத்தம். பீங்கான் கிண்ணத்தில் வாட்டர் பாத் மேல் ஒருமுறை முயன்றோம். ஹுட்டுக்குள்தான் வைத்தோம், ஆனாலும் பக்கத்தில் இருந்த கிளாம்ப் எல்லாம் மறுநாளே துருப்பிடித்தது. இரண்டாவது, நடுநிலையாக்குவது. ஒரு மி.லி. கரைசலைத் தனியாக எடுத்து, மெதில் ரெட் ஒரு சொட்டு விட்டு, 2.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு மஞ்சளாகும் இடத்தைக் குறித்துக்கொண்டோம். 2.4 மி.லி. பக்கத்தில் வந்தது. அளக்கப் போகிற சாம்பிளில் மெதில் ரெட் விடாமல், அதே அளவு காரத்தை மட்டும் விட்டு, 10 மி.லி. ஆக்கினோம். சாயம் உள்ளே போனால் அதன் நிறமும் ரீடிங்கில் ஏறுமே என்ற பயம்.

இதில் உப்பு சேருகிறது. 0.6 மோலார் சோடியம் குளோரைடு என்றால் கடல் தண்ணீர் மாதிரி உப்பு. உப்பு நிறத்தைக் கொஞ்சம் அமுக்கும். அதனால் ஸ்டாண்டர்டையும் அதே பாதையில் நடக்க வைத்தோம். 6 மோலார் அமிலம், அதே காரம், அதே உப்பு. கோடு 0.062-லிருந்து 0.058-க்கு இறங்கியது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சதைக் கணக்கு ஏழு சதவீதம் குறைந்துவிடும்.

மறுபடி சதை. ரீடிங் 0.178. ஸ்பைக் போட்டதும் 0.083 கூடியது, கூட வேண்டியது 0.087. 95 சதவீதம் திரும்பி வந்தது. 0.178-ஐ 0.058-ஆல் வகுத்தால் 3.07 மைக்ரோகிராம். பத்து மடங்கு, 5 மி.லி. எல்லாம் சேர்த்தால் 250 மி.கி. சதையில் 77 மைக்ரோகிராம், கிராமுக்கு 0.31 மி.கி. முதலில் எழுதப் போன எண்ணைப் போல மூன்று மடங்கு. மற்ற அமினோ அமிலங்கள் மேல் போட்ட சந்தேகத்தையும் கைவிட்டோம், ஸ்பைக் திரும்பி வந்துவிட்டதே.

ரிப்போர்ட் எழுதும்போது இன்னொரு இழுபறி. ஹைட்ராக்சிபுரோலினை 7.5-ஆல் பெருக்கி, கொலாஜன் சதவீதம் என்று ஒரு பத்தி போட்டிருந்தாள். எங்கோ படித்த எண், மாட்டுத் தோலுக்கும் எலித் தோலுக்கும் பொருந்தும். அங்கே கொலாஜன் சங்கிலியில் ஆயிரம் அமினோ அமிலத்துக்குத் தொண்ணூறு சொச்சம் ஹைட்ராக்சிபுரோலின். மீனில் குறைவு. காட் மாதிரி குளிர்கடல் மீனில் ஐம்பது சொச்சம்தான், அதனால்தான் அந்தக் கொலாஜன் கொஞ்சம் சூட்டிலேயே இளகிவிடுகிறது. நம்ம குளத்துக் கட்லா வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்வது, இரண்டுக்கும் நடுவில் எங்கோ. கட்லாச் செதில் கொலாஜனைத் தனியாகச் சுத்திகரித்து அளந்தால்தான் அதற்குரிய பெருக்கு எண் கிடைக்கும். அதைச் செய்யாமல் 7.5 போடுவது கடன் வாங்கிய தராசு. அந்தப் பத்தியை அடிக்கச் சொன்னேன். ஹைட்ராக்சிபுரோலின், கிராமுக்கு இத்தனை மி.கி., ஸ்பைக் மீட்பு இத்தனை சதவீதம், அவ்வளவுதான். "ரிசல்ட் ரொம்பச் சின்னதா தெரியுது மேடம்" என்று முணுமுணுத்தாள். தெரியட்டும் என்றேன்.

தோல் மட்டும் பாக்கி. கொழுப்பு அதிகம் இருப்பதால் முதலில் அசிட்டோனில் ஊறவைத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும், அதற்கு அசிட்டோன் வர வேண்டும். மண்சட்டியை லேப் அண்ணன் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். மேலே சாக்பீஸில் "சமையலுக்கு அல்ல" என்று எழுதியிருக்கிறது.